தாகம் தீர்க்காத குடி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் வியர்க்க வியர்க்க வேலை செய்து வருகிற சிலர், உடல் சூடு தணியும் என்று பீர் குடிக்கிறார்கள். சூடு தணியாது. உடலில் நீரைத் தேக்கிவைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும் சுரப்பை மது அடக்கிவிடும். வியர்வையில் போனது போக மிஞ்சிய நீரும் சிறுநீராக இறங்கும். காலையில் நா வறளும், தலை வலிக்கும். அந்த மயக்கத்தோடு இயந்திரத்தின் முன் நின்றால் விரலுக்கு ஆபத்து.

சாமித்தோப்பில் அய்யா எல்லாச் சாதியாருக்கும் பொதுவாகத் தந்தது முத்திரிக் கிணற்று நீர். தாகத்துக்கு நீரே மருந்து. வியர்த்தவருக்கு உப்பிட்ட மோரும் கஞ்சியும் நல்லது.

தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம். அவரை ஏசாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் தர்மமே.

அய்யா உண்டு!