கருவிக்கு யார் சாட்சி?

இரசாயனப் பகுப்பாய்வு என்றவுடன் நம் நினைவில் எழுவன கருவிகள்தாம். “எந்த இயந்திரத்தில் பார்த்தீர்கள்?” என்று கேட்பார்களேயன்றி, “எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்?” என்று கேட்பவர் அரியர். சென்ற ஆண்டுவரை நானும் அவ்வாறே இருந்தேன். அந்த எண்ணம் மாறிய விதத்தைப் பாடத்தோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். இரசாயனம் படிக்காத நண்பர்களும் அஞ்சாமல் தொடரலாம், கணக்கு அதிகமில்லை.

ஊரில் அரிசி வாங்கப் போகும் பெரியவர்கள் படியில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். படி பளபளவென்று இருக்கிறதா என்பதன்று அவர்கள் கவலை. இந்தப் படியை இதனினும் நம்பத்தக்க வேறொரு படியோடு யாரோ ஒப்பிட்டிருக்கிறார்கள் என்பதே முத்திரையின் பொருள். ஆய்வுக்கூடத்தில் அந்த முத்திரைப் படியின் வேலையைச் செய்வது சான்றுப் பொருள். ஒரு பொருள் அதில் எவ்வளவு இருக்கிறது, அந்த அளவு எவ்வளவு கூடவோ குறையவோ கூடும், எந்த நாள்வரை நம்பலாம் என்பவற்றைச் சொல்லும் சான்றிதழ் ஒன்று அதனோடு வரும்.

நம் சங்கத்துத் தம்பி ஒருவர் தருமபுரிப் பக்கத்துக்காரர். அவ்வட்டாரத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. 2013-இல் செயலுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதன் பொருட்டும் வகுக்கப்பட்டதே. ஆயினும் குழாய் நீர் வராத நாள்களில் தம்பியின் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். தங்கையின் பற்களில் பழுப்புக் கோடுகள் தெரியத் தொடங்கியிருந்தன. விடுமுறை முடிந்து வருகையில் அந்நீரை ஒரு பிளாஸ்டிக் புட்டியில் கொண்டுவந்து, “அண்ணா, இதைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

ஃபுளோரைடை அளக்க நாங்கள் கையாள்வது ஒரு மின்முனை. 1966-இல் பிரான்ட், ராஸ் என்னும் இருவர் அதனை வெளியிட்டனர். அதன் நுனியில் லாந்தனம் ஃபுளோரைடுப் படிகம் ஒன்று உண்டு. சிறிதளவு யூரோப்பியம் கலந்தது. நீரில் ஃபுளோரைடு பத்து மடங்கு மாறினால், 25 பாகை வெப்பத்தில், மின்னழுத்தம் ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் மாறும். ஆகவே ஒரே ஒரு மில்லிவோல்ட் பிசகினாலும் விடையில் நூற்றுக்கு நான்கு பங்கு பிசகும். தில்லியின் மே மாதத்தில், 35 பாகையில், அந்த 59 என்பது 61 ஆகிவிடும். மாதிரியும் ஒப்பீட்டுக் கரைசலும் ஒரே வெப்பத்தில் இருக்கவேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனாலேதான். நீர் அமிலமாயிருந்தால் ஃபுளோரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்துகொண்டு மின்முனையின் கண்ணுக்குத் தப்பிவிடும். காரமாயிருந்தாலோ ஹைட்ராக்சைடு உள்ளே புகுந்து குழப்பும். அலுமினியமும் இரும்பும்கூட ஃபுளோரைடைப் பற்றிக்கொள்ளும். இவற்றையெல்லாம் அடக்குவதற்கு ஒரு தாங்கற் கரைசலைச் சம அளவு சேர்ப்பது வழக்கம்.

இத்தனையும் நான் ஒழுங்காகவே செய்தேன். அலமாரியில் இருந்த தாய்க் கரைசலை எடுத்து, நீர் சேர்த்து, ஐந்து படிநிலைகள் தயாரித்தேன். வரைபடத் தாளில் ஐந்து புள்ளிகளும் நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் நின்றன. சரிவும் ஏட்டில் சொன்னபடியே இருந்தது. தம்பியின் நீர் லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் காட்டிற்று. 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர அளவுப்படி 1.0 வரை ஏற்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். “எல்லைக்குள்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டேன். தம்பி அன்றிரவே வீட்டுக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு வேலைக்காக, சான்றிதழோடு புதிதாக வந்திருந்த ஃபுளோரைடுக் கரைசலைத் திறந்தேன். லிட்டருக்கு 1.00 மில்லிகிராம் இருக்குமாறு கலந்து வைத்தால், மின்முனை 0.87 என்றது. கலப்பதில் கைப்பிழையோ என்று மூன்று முறை திரும்பச் செய்தேன். மூன்று முறையும் ஏறக்குறைய அதே எண். பிறகுதான் பழைய தாய்க் கரைசலின் புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சீட்டில் தேதி இல்லை. மூடி சரியாக இறுகவில்லை. ஒரு கோடை முழுவதும் நீர் ஆவியாகி, கரைசல் சுமார் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கெட்டிப்பட்டிருந்தது.

அப்படியானால் கோடு ஏன் அவ்வளவு நேராக வந்தது? ஐந்து படிநிலைகளும் ஒரே தாயின் பிள்ளைகள் அல்லவா! தாயின் பிழை ஐந்துக்கும் ஒரே விகிதத்தில் போய்ச் சேர்ந்தது. கோடு முழுவதும் சற்றே நகர்ந்ததேயன்றி, வளையவுமில்லை, சரிவு மாறவுமில்லை. நேர்கோடு என்பது நான் ஒழுங்காகக் கலந்தேன் என்பதற்குச் சாட்சி. கலந்த பொருள் சரியானது என்பதற்கு அது சாட்சியாகாது. ஒரு கரைசலைச் சோதிக்க அதே புட்டியில் பிறந்த இன்னொன்றை நிறுத்துவது, குற்றவாளியின் தம்பியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது போலத்தான். எங்கள் செயல்முறை ஏடுகள் இதனை ஓர் அடிக்குறிப்போடு கடந்துவிடுவது எனக்கு உடன்பாடன்று.

சோடியம் ஃபுளோரைடை உலர்த்தி, 2.210 கிராம் நிறுத்து, ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் ஃபுளோரைடு கிடைக்கும். அவ்வாறு புதிதாகச் செய்த கரைசல் சான்றுக் கரைசலோடு ஒத்துப்போயிற்று. பழைய அளவைத் திருத்திக் கணக்கிட்டால் தம்பி வீட்டு நீர் 1.4 அன்று, 1.6.

சான்றுக் கரைசலுக்குச் சான்று கொடுப்பவர் யார் என்று கேட்கலாம். அதற்கு மேலும் ஒன்று, அதற்கு மேலும் ஒன்று என்று அது ஒரு சங்கிலியாய்ப் போகும். நம் நாட்டில் அச்சங்கிலியின் மேல்முனை தில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. இந்தியச் சான்றுப் பொருள்கள் ‘பாரதீய நிர்தேசக் திரவ்ய’ என்னும் பெயரால் அதன் பொறுப்பில் வெளிவருகின்றன. அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். தமிழிலும் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியவர். அந்த ஆய்வுக்கூடம் இருக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். அவ்வழியே பேருந்தில் போகும் நம்மவர்கள் கவனித்திருப்பார்களோ என்னவோ!

தம்பியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவர் கோபிக்கவில்லை. “காய்ச்சிக் குடித்தால் போய்விடாதா அண்ணா?” என்று மட்டும் கேட்டார். போகாது, நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் ஃபுளோரைடின் செறிவு கூடும், என் புட்டியில் நடந்தது போலவே. அவர் அங்கேயே என் எதிரில் தாயாரை அழைத்து, அந்த நீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் எடுக்கவேண்டாம், குழாய் நீர் வரும் நாளில் கூடுதலாகப் பிடித்து வையுங்கள் என்றார். அடுத்த விடுமுறையில் இரண்டு புட்டி நீர் கொண்டுவந்தார். ஒன்று 1.58, மற்றொன்று 1.63. இம்முறை சான்றுக் கரைசலை முதலிலும் நடுவிலும் கடைசியிலும் வைத்து அளந்தேன்.