பனியில்லா மாசி
(ஏலாக்குறிச்சியை முன்னிட்டு ஒரு வானிலை ஆராய்ச்சி)

தமிழர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மாசியும் பங்குனியும் பின்பனிக்கும், சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கும் உரியன என்பர் உரையாசிரியர். 1875ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய வானிலைத் துறையோ ஆண்டினை நான்காகப் பகுத்து, சனவரி பிப்ரவரியைக் குளிர்காலம் என்றும், மார்ச்சு முதல் மே முடிய உள்ள திங்கள்களைப் பருவமழைக்கு முற்பட்ட கோடை என்றும் கூறும். இவ்விரு கணக்கிற்கும் நடுவே அகப்பட்டுக்கொள்வது மாசி. அதன் முற்பாதி துறையினர்க்குக் குளிர், பிற்பாதி கோடை. நமக்கோ முழுதும் பனி. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது நாட்டு வழக்கு. அப்பனி தோன்றாமல், வானம் வெளிறி, முற்பகலிலேயே வெயில் சுடும் ஆண்டில் உழவர் கேட்கும் வினா ஒன்றே: மேல்வருவது யாது?

இவ்வினாவை ஏலாக்குறிச்சியை முன்வைத்து ஆராயப் புகுந்தோம். வீரமாமுனிவர் திருக்காவலூர் எனப் பெயரிட்டுப் பாடிய ஊர் என்றால் தமிழ் மாணவர்க்கு வேறு அறிமுகம் வேண்டா. அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கத்தில் உள்ளது. ஆற்றங்கரை ஊருக்கு வறட்சி ஏது என்று சிலர் வினவக் கூடும். கொள்ளிடம் பெரும்பாலும் காவிரியின் மிகுவெள்ளத்தை வாங்கிக் கொண்டுபோகும் வடிகால் என்பதை அன்னார் மறந்தனர் போலும். முக்கொம்பு மேலணையில் மிகுதி இருந்தாலன்றி அதில் வெள்ளம் வாராது. எஞ்சிய நாளெல்லாம் மணலே. அம்மணலின் கீழ் ஊறும் நீரும் கிணறுகளுமே வேனிலில் துணை.

இனி, வெப்பமும் வறட்சியும் ஒருங்கே வருவது எவ்வாறு? உள்நாட்டின்மேல் உயர்ந்த காற்றழுத்தம் நிலைத்து நிற்குமாயின் மேலுள்ள காற்று மெல்லக் கீழிறங்கும்; இறங்குங்கால் வெப்பமுறும்; வெப்பமுற்ற காற்றில் மேகம் திரளாது. மேகமற்ற வானின்கீழ் கதிரவன் வெம்மை தடையின்றி நிலத்திற் படும். நிலம் ஈரமாயிருப்பின் அவ்வெம்மையிற் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதிற் செலவாகிவிடும். உலர்ந்த நிலத்தில் அச்செலவு இல்லை. முழுதும் காற்றைச் சுடவைக்கவே பயன்படும். ஆகவே வறட்சி வெப்பத்தை வளர்க்க, வெப்பம் வறட்சியை வளர்க்கின்றது. இச்சுழலை உடைக்க வல்லது கோடைமழை. அதற்கு வெம்மை மட்டும் போதாது. வங்கக் கடலின் ஈரக்காற்று உட்புகுந்து, மேற்கிலிருந்து வரும் உலர்காற்றோடு எதிர்ப்பட வேண்டும். அங்ஙனம் எதிர்ப்படும் பிற்பகலில் இடிமேகம் எழும். அதுவும் ஓரூரில் கொட்டி அடுத்த ஊரை எட்டியும் பாராது போதல் உண்டு.

வானிலைத் துறை ஒவ்வோராண்டும் மார்ச்சுத் தொடக்கத்தை ஒட்டிக் கோடைக்குரிய முன்னோட்டத்தை வெளியிடுகின்றது. அதனைப் படிக்கும் முறை பலர்க்கும் விளங்கவில்லை என்பது எம் கருத்து. இயல்பிற்கு மிகை, இயல்பு, இயல்பிற்குக் குறை என மூன்று கூறாகப் பழைய ஆண்டுகளைப் பிரித்து, வருங்காலம் எக்கூற்றில் விழக்கூடும் என்பதை நூற்றுக்கு இத்தனை என அது சொல்லும். செய்தி ஏதும் இல்லாவிடின் ஒவ்வொன்றிற்கும் ஏறத்தாழ 33 பங்கு. மிகை வெப்பத்திற்கு 60 என்று சொன்னால், 40 பங்கு அவ்வாறு ஆகாமலும் போகலாம் என்பது பொருள். அன்றியும் அக்கணக்கு ஒரு பெருநிலப் பரப்பிற்கும் மூன்று திங்களுக்கும் உரியது. ஏலாக்குறிச்சியின் நாளைய பிற்பகலுக்கு உரியதன்று. வெப்ப அலை என்னும் சொல்லும் அளவுடையது. சமவெளியில் உச்ச வெப்பம் 40 பாகையை எட்டி, இயல்பினும் 4.5 பாகையேனும் மிகுதல் வேண்டும். அதுவும் நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்த கருவி காட்டுவது. கொள்ளிட மணலில் வெறுங்காலோடு நடப்பவன் உணரும் சூடு அக்கணக்கிற் சேராது.

இரண்டு ஆண்டுகளை ஒப்புநோக்குவோம். 2024 ஏப்பிரலில் தென்தீபகற்பத்தின் சராசரி உச்ச வெப்பம் 37.2 பாகை, 1901 முதல் உள்ள ஏப்பிரல்களுள் இரண்டாம் இடம் பெற்றது. எனினும் மே நடுவிற்குப்பின் தமிழ்நாட்டில் நன்மழை பெய்தது. நிலம் குளிர்ந்தது, ஆனால் ஆறு வரவில்லை. முந்திய ஆண்டில் கருநாடகத்தில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தமையால் மேட்டூர் அணை 2023 அக்டோபரிலேயே பாசனத்திற்கு மூடப்பெற்றது. வழக்கமாகச் சூன் 12இல் திறக்கப்படுவது, 2024இல் சூலை 28இல்தான் திறந்தது. 2025ஆம் ஆண்டோ பிப்ரவரியிலேயே அச்சுறுத்திற்று. இந்தியா முழுமைக்கும் 1901 முதல் அத்துணை வெப்பமான பிப்ரவரி இல்லை. அஞ்சியவர் பலர். ஆயினும் தமிழ்நாட்டில் கோடைமழை இயல்பை மிஞ்சிப் பெய்தது. மேட்டூர் உரிய நாளில் திறந்தது. அச்சூன் முடிவதற்குள் 120 அடியும் நிரம்பியது.

இதனாற் பெறப்படுவது யாதெனின், மாசி வெயிலுக்கும் ஆற்றுநீருக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பதே. கொள்ளிடக் கரையின் வெப்பத்தை நம் வானம் முடிவு செய்கின்றது. அதன் ஆற்றுநீரைக் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழை முடிவு செய்கின்றது. ஆகையால் மார்ச்சு முன்னோட்டத்தை ஆற்றுப் பாசனத்திற்குச் சோதிடமாகக் கொள்ளுதல் தகாது. அதற்கு ஏப்பிரல் நடுவில் வரும் தென்மேற்குப் பருவமழை முன்னறிவிப்பையும், மே முடிவில் வரும் அதன் திருத்தத்தையும், மேட்டூரின் நீர்மட்டத்தையும் நோக்க வேண்டும்.

மாசிப்பட்டத்தில் எள் விதைக்க எண்ணுவோனுக்கு இவை மூன்றும் உதவா. அவன் காலத்தே நிலத்தின் எஞ்சிய ஈரமும் கிணற்றின் ஆழமுமே கணக்கு. மிகை வெப்பம் என்று முன்னோட்டம் கூறுமாயின் அவன் கொள்ள வேண்டிய பொருள், மழை வாராது என்பதன்று. இருக்கும் ஈரம் விரைந்து போம் என்பதே. உயிர்த்தண்ணீர் ஒருமுறையேனும் இறைக்கக் கிணற்றில் நீர் உண்டாயின் விதைக்கலாம். இல்லையேல் விதையைக் குதிரிலேயே வைத்து, சித்திரையில் முதல் இடிமழை விழும்வரை காத்திருப்பது நன்று.