கேமுக்குள் சாமியும் சண்டையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கல்லடியிலும் காத்தான்குடியிலும் வாழைச்சேனையிலும் பின்னேரமானால் பொடியன்கள் மதிலோரம் குந்தியிருந்து ஃப்ரீ ஃபயரோ பப்ஜியோ விளையாடுகிறார்கள். அதைப் பார்க்கும் பெரியவர்களின் பயம் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றுக்கும் பொது: பிள்ளை தெய்வ நிந்தனையும் கொலையும் பழகிவிடும் என்பது. பயப்படுவதில் தவறில்லை. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாத பயம் பிள்ளையைக் காப்பாற்றாது. அடிக்கடி காதில் விழும் ஐந்து நம்பிக்கைகளை எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: தெய்வத்தை விளையாட்டில் கொண்டுவருவதே நிந்தனை.

உண்மை: 2009இல் சோனியின் பிளேஸ்டேஷன் 2க்கு ‘ஹனுமான்: பாய் வாரியர்’ வந்தது. செய்தது ஹைதராபாத்தைச் சேர்ந்த அரோனா நிறுவனம். தெய்வத்தை ஒருவர் பொத்தானை அழுத்தி ஆட்டுவிப்பதே இழிவு என்று அமெரிக்காவிலுள்ள இந்துத் தலைவர் ராஜன் ஸெட் எதிர்த்தார். 2012இல் ‘ஸ்மைட்’ விளையாட்டில் காளியை அரைகுறை உடையில் காட்டியதற்கும் எதிர்ப்பு எழுந்தது. இரண்டும் ஒரே குற்றச்சாட்டு அல்ல. காளியின் விஷயத்தில் கோபம் ஒரு குறிப்பிட்ட சித்திரிப்பின் மேல். அதில் நியாயம் உண்டு. தெய்வம் ஆட்டத்துக்குள்ளேயே வரக்கூடாது என்பதோ நம் ஊர் வழக்கத்தோடு ஒட்டாது. மட்டக்களப்பின் கண்ணகை அம்மன் வழிபாட்டில் கொம்புமுறி இருக்கிறது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும்; வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். கொளுவிய இரண்டு கொம்புகளைக் கயிறு கட்டி இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. எதிர்ப்பக்கத்தைச் சீண்டும் பாட்டும் அதில் உண்டு. கூத்துக் களரியில் கண்ணனாக ஆடுபவனும் ஊர்ப் பொடியன்தான். தெய்வம் ஆட்டத்துக்குள் வருவதைவிட, எப்படி வருகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நம்பிக்கை 2: கம்பனிகள் வேண்டுமென்றே மதத்தை இழிவுபடுத்துகின்றன, சொன்னாலும் கேட்கமாட்டா.

உண்மை: 2020 ஜூனில் பப்ஜி மொபைலில் காட்டை மையமாக வைத்த ஒரு புதிய ஆட்டமுறை வந்தது. அதில் தூண்போன்ற ஒரு சிலையின் முன் வீரன் மண்டியிட்டால் உடல்பலம் கூடும். சிலைமுன் பணிவது, இறைவன் ஒருவனே என்ற தௌஹீதுக்கு விரோதம் என்று வளைகுடா நாடுகளின் முஸ்லிம்கள் முறையிட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கிவிட்டது. 2008 ஒக்டோபரில் சோனியின் ‘லிட்டில் பிக் பிளானட்’ வெளிவர இருந்த நேரம், அதிலுள்ள ஒரு பாட்டில் குர்ஆன் வசனங்கள் இருப்பதை விளையாட்டாளர் ஒருவர் சுட்டிக்காட்டினார். சோனி டிஸ்க்குகளை உலகெங்கும் திருப்பி எடுத்து, வெளியீட்டையும் தள்ளிவைத்தது. அந்தப் பாட்டைத் தந்த மாலி நாட்டுக் கலைஞர் துமானி தியாபாத்தே ஒரு முஸ்லிம். நிந்தனை அவர் நோக்கமே அல்ல. இரண்டு இடத்திலும் பலித்தது துல்லியமான முறைப்பாடு: எந்த விளையாட்டு, எந்தக் காட்சி, என்ன பிழை.

நம்பிக்கை 3: வன்முறைக்காகத்தான் இந்தியா பப்ஜியைத் தடைசெய்தது.

உண்மை: 2020 செப்டம்பர் 2ஆம் திகதி இந்தியா தடைசெய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைல் ஒன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் சொல்லப்பட்ட காரணம் நாட்டின் இறைமை, பாதுகாப்பு, தரவு. சீனாவுடன் எல்லை முறுகல் இருந்த காலம் அது. மறு வருடமே அதே ஆட்டம் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம் என்ற எல்லையோடு. வன்முறையைக் காரணம் காட்டிய தடைகளும் உண்டு: 2019 மார்ச்சில் இந்தியாவின் ராஜ்கோட் நகரில் பொலிஸ் தடை, ஏப்ரலில் ஈராக் நாடாளுமன்ற முடிவு. இவற்றையும் அந்தச் செப்டம்பர் தடையையும் ஒன்றாக்கிச் சொல்வது பிழை.

நம்பிக்கை 4: கேமில் சுடுகிறவன் நாளைக்கு நிஜத்தில் சுடுவான்.

உண்மை: ஒக்ஸ்ஃபோர்ட் இன்டர்நெட் இன்ஸ்டிடியூட் 2019இல் 14, 15 வயதுப் பிரித்தானியப் பிள்ளைகள் 1,004 பேரை ஆராய்ந்தது. பிள்ளையின் நடத்தையைப் பெற்றோரிடமே கேட்டது. வன்முறை விளையாட்டுக்கும் மூர்க்கத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல், கத்துவது, தள்ளுவது போன்ற நடத்தையோடு சிறு தொடர்பு உண்டு, ஆனால் கொடிய வன்முறைக்கு விளையாட்டே காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது.

இந்த மட்டக்களப்பு வாவிக்கரைக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையா? 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் கொல்லப்பட்டன. யுத்தகாலத்தில் இங்குள்ள சிறுவர்கள் ஆயுதக் குழுக்களில் சேர்க்கப்பட்டதை யுனிசெப் பதிவுசெய்திருக்கிறது. அப்போது எந்தப் பிள்ளையின் கையில் ஸ்மார்ட்போன் இருந்தது? 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பை ஆராய்ந்த விசாரணைகளும் தீவிரவாதப் போதனையையும் அலட்சியம் செய்யப்பட்ட முன்னெச்சரிக்கைகளையுமே சுட்டின. இவ்வளவையும் கண்ட மண், வெறுப்பு எங்கே விதைக்கப்படுகிறது என்பதை விட்டுவிட்டு கேமைப் பழி சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

நம்பிக்கை 5: அப்படியென்றால் கேமால் ஒரு கெடுதியும் இல்லை.

உண்மை: இதுவும் பிழை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ இருக்கிறது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முக்கியமாவது, கெடுதி தெரிந்தும் தொடர்வது. இவை பொதுவாக 12 மாதம் நீடித்தால் அது நோய். அதற்கு முன்னமே கவனிக்க வேண்டியவை காசும் அந்நியரும். ஆட்டத்துக்குள் செலவழிக்கும் ‘டயமண்ட்’ வாங்க வாப்பாவின் கார்டிலிருந்தோ ரீலோட்டிலிருந்தோ காசு போகிறதா? ஆட்டத்துக்குள் மைக்கில் பிள்ளையோடு பேசுவது யார்? பிளே ஸ்டோரின் அமைப்புகளில் பெற்றோர் கட்டுப்பாடு இருக்கிறது. அதை இயக்கி, பிள்ளைக்குத் தெரியாத ஒரு பின் இலக்கம் போட்டு, வயதெல்லையைத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படியும் வையுங்கள். ஐந்து நிமிட வேலை. பிள்ளை நித்திரையும் படிப்பும் கெட்டுத் தவித்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926ஐ அழையுங்கள். யாராவது துன்புறுத்தினால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929.

மதப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரசங்கத்தில் “கேம் எல்லாம் ஷைத்தான்”, “கேம் எல்லாம் பாவம்” என்று பொதுவாகச் சொன்னால், அதே கேமை தினமும் விளையாடும் பிள்ளை உங்கள் மற்ற சொல்லையும் நம்பாமல் போகும். விளையாட்டின் பெயரைச் சொல்லி, காட்சியைச் சொல்லி, ஏன் பிழை என்று சொல்லுங்கள். அதற்கு முதலில் பிள்ளையின் பக்கத்தில் இருந்து ஒரு ஆட்டமாவது முழுதாகப் பார்க்க வேண்டும். பெற்றோருக்கும் அதுவே.