மானியத்தைப் பார்க்காதே, கூரையைப் பாரு தங்கச்சி

நீ போன்ல கேட்ட கேள்விக்கு அன்னைக்கு அவசரத்துல பாதிதான் பதில் சொன்னேன். மிச்சத்தை இப்ப நிதானமா எழுதுறேன். சௌல்தாரியில புது வீடு கட்டி முடிச்ச கையோட சோலார் போடணும்னு நினைச்சது நல்ல காரியம். ஆனா "மானியம் குறைஞ்சு போச்சாமே, இனிமே போட்டு என்ன பிரயோஜனம்"னு ஒருத்தர் சொன்னதையும், "இப்பவே போடலைன்னா மொத்தமும் போயிடும்"னு இன்னொருத்தர் சொன்னதையும் கேட்டு நீ குழம்பிப்போய் இருக்க. ரெண்டு பேர் சொன்னதிலயும் பாதிதான் உண்மை.

முதல்ல இந்த மானியக் கதை. 2015 டிசம்பர்ல மத்திய அமைச்சரவை கூரை சோலாருக்கு ஒப்புதல் கொடுத்தப்போ நாட்டுல பெரும்பாலான இடங்களுக்கு 30 சதவீதம் மானியம். வடகிழக்கு, மலை மாநிலங்கள், லட்சத்தீவு, நம்ம அந்தமானுக்கு மட்டும் 70 சதவீதம். நூறு ரூபாய்ல எழுபது ரூபாய் அரசாங்கம் தரும்னு பெரியவங்க இன்னைக்கும் பேசுறாங்களே, அது அந்தக் காலத்துக் கணக்கு. 2019-ல வந்த இரண்டாம் கட்டத் திட்டம் அந்தச் சலுகையை எடுத்துட்டு, எல்லாருக்கும் ஒரே மாதிரி 3 கிலோவாட் வரைக்கும் 40 சதவீதம்னு ஆக்கிடுச்சு. அப்புறம் சதவீதமே போய், கிலோவாட்டுக்கு இத்தனை ரூபாய்னு நிலையான தொகையா மாறிச்சு. 2024 பிப்ரவரியில வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்துல அந்தத் தொகை உயர்ந்தது. இப்ப நடக்கிறது அந்தத் திட்டம்தான். அதுக்கு ஒதுக்கின காலம் 2026-27 நிதியாண்டு வரைக்கும்.

நமக்கு எவ்வளவு வரும்னு கேளு. மெயின்லேண்ட்ல பெரும்பாலான இடங்கள்ல முதல் ரெண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூணாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000. தீவுக்காரங்களுக்கு அதுக்கு மேல பத்து சதவீதம் கூட. முதல் ரெண்டு கிலோவாட்டுக்குத் தலா 33,000, மூணாவதுக்கு 19,800. ஆக 3 கிலோவாட்டுக்கு 85,800 ரூபாய். அதுக்கு மேல நீ பத்து கிலோவாட் போட்டாலும் அதே 85,800தான்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அரசாங்கம் நமக்குப் போட்ட அடிப்படை விலை முதல் ரெண்டு கிலோவாட்டுக்குத் தலா 55,000. அப்படின்னா 2 கிலோவாட்டுக்கு 1,10,000 ஆகும், 66,000 மானியம் போக 44,000 உன் கையிலிருந்து. காகிதத்துல அழகா இருக்கு. ஆனா பேனல் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ கப்பல்ல வரணும். ஏத்துக்கூலி, கப்பல் கூலி, இறக்குக்கூலி, வழியில உடைஞ்ச பேனலோட நஷ்டம் எல்லாம் விலையில ஏறும். மானியம் நிலையான தொகைங்கிறதால ஏறின ஒவ்வொரு ரூபாயும் உன் பையிலிருந்துதான் போகும். மானியம் குறைஞ்சதோட உண்மையான அடி தீவுல இங்கதான் விழுது. அதனால கொட்டேஷனைக் கையில வாங்கினதும் "மானியம் போக எவ்வளவு"ங்கிற கடைசி வரியைப் பார்க்காதே. மானியம் கழிக்காத முழு விலையைப் பாரு. பேனல், இன்வெர்ட்டர், ஸ்ட்ரக்சர், வயர், கப்பல் கூலி, பொருத்துற கூலின்னு தனித்தனியா எழுதித் தரச் சொல்லு. ஒரே தொகையா எழுதித் தர்றவர்கிட்ட வாங்காதே. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாமானுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. அதுக்கு முன்னாடி அச்சடிச்ச விலைப்பட்டியலை யாராவது நீட்டினா விரலை வச்சுக் கேளு.

அடுத்தது, இந்தப் பணம் முதல்ல வராது. முழு விலையையும் நீ கொடுத்து, வேலை முடிஞ்சு, கரண்ட் ஆபீஸ்காரங்க வந்து பார்த்து நெட் மீட்டர் வச்சு, சான்று இணையதளத்துல ஏறின பிறகுதான் உன் வங்கிக் கணக்குல மானியம் விழும். நடுவுல கைக்காசு முடங்கும். சீட்டுப் பணத்தையும் நகையையும் அதுல போடாதே. 3 கிலோவாட் வரைக்கும் அடமானம் இல்லாத வங்கிக் கடன் இந்தத் திட்டத்துல உண்டு, வட்டி ரெப்போ விகிதத்துக்கு மேல அரை சதவீதம். தனியார் கடன்காரங்க கேட்கிற வட்டியோட ஒப்பிட்டா அது எவ்வளவோ மேல். விற்கிறவருக்குப் பணத்தைத் தவணையாக் கொடு. கடைசித் தவணையை நெட் மீட்டர் ஓடுற அன்னைக்கு வரைக்கும் பிடிச்சு வை.

இந்தியாவில செஞ்ச செல்லும் பேனலும் இருந்தாத்தான் மானியம். வெளிநாட்டுச் செல் வச்ச பேனல் விலை குறைவு, அதைக் காட்டி "இதுவும் அதுவும் ஒண்ணுதான்"னு சொல்லுவாங்க. ஒவ்வொரு பேனலுக்கும் வரிசை எண் இருக்கும், அதைப் போட்டோ எடுத்து வை. மானியம் நிக்கிறது அந்த எண் மேலதான்.

இனி நான் ரொம்ப நேரம் பேச நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊரு வெயிலும் நம்ம ஊரு உப்பும்.

கடிகாரம் மெயின்லேண்டோடது, சூரியன் நம்மளோடது. நாம ரொம்பக் கிழக்க இருக்கோம். இங்க உச்சிவெயில் பன்னெண்டரைக்கு இல்ல, பதினொண்ணு இருபதுக்கே வந்துடும். அஞ்சு மணிக்கெல்லாம் விடிஞ்சிடும், சாயங்காலம் மூணரைக்கே பேனல் சோர்ந்துடும். சென்னையில எழுதின "காலை பத்து முதல் மாலை நாலு வரை சாதனங்களை ஓட்டுங்கள்"ங்கிற அறிவுரை நமக்குப் பொருந்தாது. மோட்டார், வாஷிங் மெஷின், இஸ்திரி, கிரைண்டர் எல்லாத்தையும் காலை எட்டிலிருந்து ரெண்டுக்குள்ள முடி. மார்ச், ஏப்ரல்ல தண்ணி வர்ற நாளும் நேரமும் தெரியும்ல, சம்ப்லிருந்து மேல ஏத்துற வேலையைக் காலைக்கு மாத்திக்கோ. உன் வீட்டுக்குக் கிழக்க நிக்கிற பாக்கு மரமும் தென்னையும் காலை எட்டு மணிக்குக் கூரையில எங்க நிழல் போடுதுன்னு பாரு. ஒரு மட்டையோட நிழல் ஒரு பேனல்ல விழுந்தா அதோட சேர்த்துக் கோத்த மத்த பேனலும் தளரும்.

தெற்குப் பார்த்த சரிவு நல்லது. ஆனா தெற்கு இல்லைன்னு கவலைப்படாதே. நாம வட அட்சரேகை பதினொண்ணரை டிகிரிக்குப் பக்கத்துல இருக்கிறதால ஏப்ரல் 20 வாக்குலயும் ஆகஸ்ட் 22 வாக்குலயும் சூரியன் நேர் தலைக்கு மேல வந்துடும். லேசான சரிவா இருந்தா கிழக்குப் பக்கமும் மோசமில்ல. சரிவு மட்டும் பத்து டிகிரிக்குக் கீழ இருக்க வேண்டாம். மழைத்தண்ணி தங்கினா ஓரத்துல பாசி பிடிக்கும்.

மழையைப் பத்தியும் உள்ளதை உள்ளபடி சொல்றேன். மே மாசம் தொடங்கினா நமக்குத் தென்மேற்கும் உண்டு, அது போனா வடகிழக்கும் உண்டு. வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவுல கொட்டுற இடம் இது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் ஒரு கிலோவாட்டுக்குத் தினம் நாலு யூனிட் வரும். மூடிக்கிட்டுப் பெய்யுற நாள்ல ஒரு யூனிட்டைக் கூடத் தொடாது. விற்கிறவர் நல்ல வெயில் மாசத்துக் கணக்கைப் பன்னெண்டால பெருக்கிக் காட்டினா, வருஷத்துல பாதி மாசத்துக்கு அந்தக் கணக்குல பாதியைக் கழி. உன் பில்லுல ஒரு வருஷத்து யூனிட்டை எடுத்து வை. மாசம் 150 யூனிட்டுக்குள்ளன்னா 1 கிலோவாட், மிஞ்சிப் போனா 2 போதும். மானியம் 3 வரைக்கும் இருக்கேன்னு 3 போடாதே. நாம கட்டுற கரண்ட் பில், டீசல் எரிச்சு அந்தக் கரண்டைத் தயாரிக்க ஆகிற செலவுல ஒரு பங்குதான். கம்மி யூனிட் எரிக்கிற வீட்டுக்குக் கட்டணமும் கம்மி. அதனால போட்ட காசு திரும்ப வர ஆகிற காலமும் உனக்கு நீளும். ஏசி ஓடுற வீட்டுக்குத்தான் சீக்கிரம் திரும்பும்.

இப்ப உப்பு. நாங்க முதல்ல போட்டப்போ ஸ்ட்ரக்சரைப் பத்தி யாரும் கேட்கல, நாங்களும் கேட்கல. மூணாவது மழைக்காலம் முடிஞ்சு ஏறிப் பார்த்தா போல்ட் தலையெல்லாம் பிஸ்கட் மாதிரி உதிருது. பேனல் பளபளன்னு இருக்கு, அதைப் பிடிச்சு நிக்கிறது போயிடுச்சு. பொருத்தினவருக்குப் போன் போட்டா எடுக்க ஆளில்ல, அவர் தொழிலையே விட்டுப் போயிட்டார்னு பிறகு தெரிஞ்சது. பணம் போனதைவிட, காத்தடிச்ச ராத்திரிகள்ல கூரை மேல சத்தம் கேட்டுக் கேட்டுத் தூங்காம கிடந்ததுதான் எனக்கு மறக்கல. உனக்கு அது வேண்டாம்.

அதனால சூடான துத்தநாகத்துல முக்கி எடுத்த இரும்பு, இல்ல அலுமினியம். வெல்டிங் வச்சு மேல வெள்ளிப் பெயின்ட் அடிச்சதை ஏத்துக்காதே. போல்ட் துருப்பிடிக்காத எஃகு, முடிஞ்சா 316 தரம். அலுமினியமும் இரும்பும் தொடுற இடத்துல ரப்பர் வாஷர். பேனலுக்கு ஐஇசி 61701 உப்புக்காத்துச் சோதனைச் சான்று இருக்கான்னு கேட்டு வாங்கு. தகரக் கூரைன்னா ஆணி தகரத்துல மட்டும் பிடிக்கக்கூடாது, அடியில இருக்கிற சட்டத்துல பிடிக்கணும். ஒரு பெரிய பேனல் இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல இருக்கும். மரச்சட்டம் கரையான் அரிச்சதான்னு தட்டிப் பார்க்கச் சொல்லு. புயலும் உண்டு, நில அதிர்வு அபாயம் ரொம்ப அதிகமான மண்டலமும் நம்மளோடதுதான். எர்த்தும் இடிதாங்கியும் கொட்டேஷன்ல இருக்கான்னு தனியாப் பாரு. இதுக்கெல்லாம் கூட ஆகிற காசுக்கு மானியம் கிடையாது. ஆனா காசு கம்மின்னா ஒரு பேனலைக் குறை, போல்ட்டுல குறைக்காதே.

கரண்ட் போனா சோலாரும் நிக்கும், இது நிறைய பேருக்குத் தெரியல. மானியத்துல போடுற சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைன்ல கரண்ட் இல்லைன்னா தானா அணைஞ்சுக்கும். கம்பத்துல ஏறி வேலை செய்யுற லைன்மேன் உயிர் போகக்கூடாதுன்னு வச்ச ஏற்பாடு அது, நியாயமானது. வெயில் கொளுத்தும்போதே வீடு இருண்டா "ஏமாத்திட்டாங்க"ன்னு நினைக்காதே. பேட்டரியோட ஹைப்ரிட் போடலாம், பேட்டரிக்கு மானியம் இல்ல. உன் வீட்டுல ஏற்கனவே 150 ஆம்ப்-ஹவர் பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருக்கே, ரெண்டு ஃபேன், நாலு எல்இடி விளக்கு ராத்திரி அஞ்சு மணி நேரம் ஓட அது போதும். அதை அப்படியே வச்சுக்கிட்டு, சோலாரைத் தனியா ஆன்-கிரிட்டாப் போடு. ரெண்டையும் ஒண்ணா ஒட்டித் தர்றேன்னு தெரியாத ஆள் சொன்னா வேண்டாம்னு சொல்லிடு.

வோல்டேஜும் ஒரு வாரம் எழுதி வை, காலை, மதியம், ராத்திரி. நம்மளோடது மெயின்லேண்ட் மின்தொகுப்போட சேராத சின்ன லைன். பெரிய மேகம் ஒண்ணு கடந்து போனாலே டீசல் இன்ஜின் அந்தக் குறையைத் தாங்கணும். நெய்வேலிக்காரங்க, அதான் என்எல்சி, அட்டம்பகாட்லயும் டாலிகஞ்ச்லயும் 20 மெகாவாட் சோலார் போட்டப்போ 8 மெகாவாட் மணி பேட்டரியையும் சேர்த்து வச்சது இதுக்காகத்தான். வோல்டேஜ் ரொம்ப ஏறி இறங்குற வீட்டுல இன்வெர்ட்டர் அடிக்கடி கழண்டுக்கும். நீ எழுதின கணக்கைக் காட்டி, அந்த அளவைத் தாங்குற இன்வெர்ட்டரைக் கேளு.

மானியம் மாறுறப்பெல்லாம் சந்தையில என்ன நடக்குதுன்னா, கடைசித் தேதிக்கு முன்னாடி கூட்டம் நெரியும், அவசரத்துல வேலை கெடும், அதுக்கப்புறம் பொருத்துறவங்க பாதிப்பேர் காணாமப் போயிடுவாங்க. இங்க மட்டும் இல்ல. இங்கிலாந்துல 2011 கடைசியில யூனிட்டுக்கு 43.3 பென்ஸா இருந்ததை 21 ஆக்குறோம்னு அறிவிச்சதும் அந்தச் சில வாரம் ஏணி கிடைக்காத அளவுக்கு ஓட்டம். அமெரிக்காவுல வீட்டு சோலாருக்கான 30 சதவீத வரிச்சலுகை 2025 டிசம்பர் 31-ஓட முடிஞ்சது. அதுக்கு முன்னாடியே, 2024 ஆகஸ்ட்ல சன்பவர்ங்கிற பெரிய நிறுவனம் திவால் மனு போட்டுச்சு. அவ்வளவு பெரிய கடையே சாயும்னா, ரெண்டு ஆளும் ஒரு ஜீப்பும் வச்சிருக்கிறவர் நிலைமையை யோசி. அதனால பேனல் உத்தரவாதக் காகிதமும் இன்வெர்ட்டர் காகிதமும் தயாரிச்ச கம்பெனி பேர்ல உன் கையில இருக்கணும், பொருத்தினவர் பையில இல்ல. திட்டத்துல பதிவான விற்பனையாளர் அஞ்சு வருஷப் பராமரிப்பு தரணும்ங்கிறது விதி. ஒப்பந்தத்துல அந்த வரியைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. அவர் இங்கயே இருக்கிறவரா, ஸ்ரீ விஜயபுரத்துல, அதான் நம்ம போர்ட் பிளேர்ல, கடை இருக்கான்னு நேர்ல போய்ப் பாரு. அவர் மூணு வருஷம் முன்னாடி போட்ட ஒரு வீட்டைக் காட்டச் சொல்லி, அங்க போல்ட்டைப் பாரு.

இன்னொரு யோசனை. தனியாப் போடாதே. உங்க தெருவுல நாலஞ்சு வீடு சேர்ந்து ஒரே நேரத்துல கேளுங்க. ஒரே கப்பல்ல சாமான், ஒரே தடவை ஆள் வரவு, கப்பல் கூலி பங்காகும். நாளைக்கு ரிப்பேர்னாலும் ஒரு வீட்டுக்காக வராதவர் அஞ்சு வீட்டுக்காக வருவார். 70 சதவீதம் திரும்பி வராட்டியும் இதுல கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். மச்சான் கடைக்கும் போடலாமான்னு கேட்டிருந்தார். கடைக்கு இந்த மானியம் இல்ல, வீட்டுக்கு மட்டும்தான். ஆனா கடையில கரண்ட் செலவு பகல்ல, அதனால கணக்கு வேற. அதை அவரோட உட்கார்ந்து போடுறேன்.

ஞாயித்துக்கிழமை காலையில ஏழரைக்கெல்லாம் வந்துடுறேன். ஏணியும் சாக்பீஸும் எடுத்து வை. எட்டு மணி நிழல், பதினொண்ணேகால் நிழல், மூணு மணி நிழல்னு கூரையில மூணு கோடு போட்டுட்டு, அதுக்கப்புறம் கொட்டேஷன் வாங்கலாம்.