காலண்டரில் தெருவுக்கும் ஓர் இடம்

எங்கள் மயிலாப்பூர் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. பால் வராத நாள், சிலிண்டர் மாற்றிய தேதி, கிருத்திகை, பிரதோஷம் எல்லாம் அதில்தான். சில வருடங்களாகத் தெருவின் காரியங்களையும் பச்சை மையில் அதிலேயே எழுதி வருகிறேன். அப்படிச் சேர்ந்த குறிப்புகள் இவை. சென்னையை வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

1. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள நீளமான எண்ணில் முதலில் வருவது மண்டலம், அடுத்தது வார்டு. சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். “லஸ் பக்கம்”, “குளத்துக்குப் பின்னால்” என்பதெல்லாம் ஆட்டோக்காரருக்குப் போதும். அலுவலகத்துக்கு வார்டு எண்தான் வேண்டும். அந்த எண்ணையும், கவுன்சிலர், உதவிப் பொறியாளர், சுகாதார ஆய்வாளர் மூவரின் அலுவலக எண்களையும் ஒரு அட்டையில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

2. எதற்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்தாலே பாதி அலைச்சல் மிச்சம். குப்பை, தெருவிளக்கு, கொசு, மழைநீர் வடிகால் என்றால் மாநகராட்சி: 1913. குடிநீர், கழிவுநீர் என்றால் மெட்ரோ வாட்டர்: 1916. கரண்ட் என்றால் மின்னகம்: 94987 94987. தண்ணீர் பொங்கி வழியும்போதுதான் குழப்பம் வரும். சாலையின் நடுப்பகுதியில் வட்டமான மூடி வழியாக வந்தால் அது பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய். ஓரமாகப் பலகைக் கல் பாவிய கால்வாயிலிருந்து வந்தால் மழைநீர் வடிகால். குனிந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு போனை எடுங்கள்.

3. தெருவிளக்குக் கம்பத்தில் பெயிண்டில் ஒரு எண் எழுதியிருக்கும். புகார் சொல்லும்போது அதைச் சொல்லுங்கள். நான் முதல் முறை “பிள்ளையார் கோயில் பக்கத்து விளக்கு” என்று சொன்னேன். வந்த ஊழியர் கோயிலைச் சுற்றியிருந்த மூன்று கம்பங்களையும் பகல் வெளிச்சத்தில் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலமே எங்கள் தெருவின் எல்லாக் கம்ப எண்களையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். அதே நோட்டில் புகார் எண், தேதி, யாரிடம் பேசினோம் என்பதையும் எழுதுங்கள். “சரிசெய்யப்பட்டது” என்று குறுஞ்செய்தி வந்தால், போய்ப் பார்த்த பிறகே அந்த வரியை அடியுங்கள்.

4. பகுதி சபைக்குப் போவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிராமத்துக்கு கிராம சபை இருப்பதுபோல நகரத்து வார்டுகளுக்கும் இப்போது பகுதி சபைகள் உண்டு. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்த கூட்டம் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எவரும் இதற்குப் போகலாம். அழைப்பிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த கூட்டம் எப்போது, எந்த இடத்தில் என்று வார்டு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவைத்துக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

போகும்போது ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப் போங்கள். பத்துக் குறைகளை அடுக்கினால் ஒன்றும் பதிவாகாது. ஒரு பக்கத்தில், எந்தத் தெரு, எந்தக் கதவெண்ணிலிருந்து எதுவரை, எத்தனை நாளாக என்று எழுதி இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். “இதைக் கூட்டக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தனியாகவும் போகாதீர்கள். காலையில் இட்லி விற்கும் அக்கா, இஸ்திரி வண்டி அண்ணன், அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் இவர்களில் ஒருவரைக் கூட்டிப் போங்கள். தெருவில் நாள் முழுக்க நிற்பவர்கள் அவர்கள்தான். எந்த இடத்தில் முதலில் தண்ணீர் தேங்கும், எந்தப் பள்ளத்தில் வண்டி சறுக்கும் என்று அவர்கள் சொல்வதுபோல் நம்மால் சொல்ல முடியாது.

5. இரண்டாவது சனிக்கிழமையை வட்டமிடுங்கள். மெட்ரோ வாட்டர் பகுதி அலுவலகங்களில் வழக்கமாக அன்றைக்குத்தான் காலை 10 முதல் 1 மணி வரை குறைகேட்புக் கூட்டம். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க, நீக்க, முகவரி மாற்றவும் உணவுப் பொருள் வழங்கல் உதவி ஆணையர் அலுவலகங்களில் பெரும்பாலும் அதே சனிக்கிழமை முகாம் நடக்கும். முதல் நாள் செய்தித்தாளில் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொண்டால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பழைய பில், அட்டை நகல், கருப்பு மைப் பேனா மறக்க வேண்டாம்.

6. ஆவணிக்குள் மழைத் தொட்டியைத் திறந்து பாருங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது தோண்டிய தொட்டிகளில் பலவற்றை அதன்பிறகு யாரும் திறக்கவே இல்லை என்பது என் மனக்குறை. கூழாங்கற்களை வெளியே எடுத்துக் கழுவி உலர்த்திப் போடுங்கள். மேலே இருக்கும் மணலை மாற்றுங்கள். மொட்டைமாடிக் குழாய் வாயில் கம்பி வலை கட்டுங்கள். முதல் மழைத் தண்ணீர் மாடி அழுக்கோடு வரும். அதை மட்டும் வெளியே விடுங்கள். பக்கத்து இரண்டு வீடுகளோடு ஒரே ஞாயிற்றுக்கிழமை பேசி வைத்தால் வேலையாளின் கூலியைப் பகிர்ந்துகொள்ளலாம். வாசலில் பெருக்கிய சருகை வடிகால் துவாரத்தில் தள்ளிவிட வேண்டாம் என்று வீட்டு வேலைக்கு வருபவரிடமும் பொறுமையாகச் சொல்லிவையுங்கள்.

7. வாக்காளர் பட்டியல். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, நீக்க 7, திருத்தவும் வீடு மாறியதைத் தெரிவிக்கவும் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 நிறைவதைக் கணக்கில் எடுப்பார்கள். 17 முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சந்தேகத்துக்கு 1950. உங்கள் மாடியில் புதிதாகக் குடிவந்தவர்களிடம் பாத்திரம் கொடுத்து வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

8. ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினம். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்ததை வைத்து 2004-லிருந்து கொண்டாடுகிறார்கள். அந்த வாரம் பேட்டை பேட்டையாக நடைப்பயணங்கள் நடக்கும். அதிகாலையில் போவதற்குத் தொப்பியும் தண்ணீரும் போதும். அன்று மாலை மொட்டைமாடியில் சுண்டலும் காபியும் வைத்து, தெருவிலேயே மூத்தவரைப் பேசச் சொல்லுங்கள். பழைய போட்டோ ஆல்பத்தை அவரவர் கொண்டு வரட்டும். யாராவது ஒரு பிள்ளை எழுதிக்கொள்ளட்டும்.

9. மாதத்தின் முதல் ஞாயிறு காலை 7 மணிக்கு நாகேஸ்வர ராவ் பூங்காவில் குழந்தைகள் மைக் இல்லாமல் கச்சேரி செய்வது உண்டு. பெரியவர்களுக்கு ஒரு மடிப்பு நாற்காலி எடுத்துப் போங்கள். ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின்போது வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி. கோலமாவைக் கொட்டாங்கச்சியில் கொண்டுபோனால் கைக்கு வசதி.

10. போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்க வேண்டாம். பழைய பாய், போர்வையை முதல் வாரமே துவைத்து மடித்து வையுங்கள். தெருநாய்களைப் பராமரிப்பவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

11. பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவம். மாட வீதிகளில் அன்று நீர்மோர் கொடுக்காத வாசல் குறைவு. ஒரு லிட்டர் தயிருக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. இஞ்சியை இடித்துச் சாறு மட்டும் சேருங்கள். கூட்டத்தில் நின்று குடிப்பவர் தொண்டையில் நார் சிக்கக் கூடாது. பேப்பர் கப் வாங்காமல் ஐந்தாறு வீட்டு எவர்சில்வர் டம்ளர்களைச் சேர்த்து, அடியில் நெயில் பாலிஷால் வீட்டு எண் எழுதிவிடுங்கள். கழுவ இரண்டு வாளி, வாளிக்கு ஒரு ஆள். சப்பரம் தாண்டிய அரை மணி நேரத்தில் வாசலைப் பெருக்கி, குப்பை எடுக்க வரும் தூய்மைப் பணியாளர்களுக்கு என்று தனியாக ஒரு குடம் மோர் மூடி வையுங்கள். கடைசியில் வருகிற அவர்களுக்கு எப்போதும் தீர்ந்துபோயிருக்கும்.

12. மனு கொடுத்தும் பதில் இல்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். “ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள். “இத்தனாம் தேதி கொடுத்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கையின் நகல்” என்று கேளுங்கள். அந்த ரசீதையும் மூன்றாம் குறிப்பில் சொன்ன நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். வீடு மாறிப் போகிற நாளில் சாவியோடு அந்த நோட்டையும் அடுத்துக் குடிவருபவர் கையில் கொடுங்கள்.