‘டெலிவர்ட்’னு காட்டுது, பார்சல் வரலை, வக்கீல் நோட்டீஸ் மட்டும் வந்திருக்கு

போன செமஸ்டர் முதல் இன்டர்னல் முடிந்த வாரம். எங்கள் ஹாஸ்டலில் இரண்டாம் வருஷப் பையன் ஒருத்தன் இரண்டு நாளாக மெஸ் பக்கமே வரவில்லை. காய்ச்சலோ என்று ரூமுக்குப் போனால், பேசாமல் போனை நீட்டினான். நாலு பக்க பி.டி.எஃப். மேலே ஒரு வக்கீலின் பெயர், கீழே ரவுண்டு சீல். ‘அண்ணா, எஃப்.ஐ.ஆர். போட்டா ப்ளேஸ்மென்ட்ல உக்கார விடுவாங்களா?’ இதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

விஷயம் இதுதான். முதல் வருஷத்தில் ஒரு ஆன்லைன் கடையில் அவன் போட்ட மூன்று ஆர்டர்களுக்கு ‘பார்சல் வரவில்லை’ என்று சொல்லி ரீஃபண்ட் வாங்கியிருந்தான். ஜனவரியில் இயர்போன் 2,299 ரூபாய். பிப்ரவரியில் டேப்லெட் 15,499. அதே மாதக் கடைசியில் மல்டிமீட்டர் 649. ஆறு மாதம் கழித்து அந்தக் கடை சார்பில் நோட்டீஸ்: மூன்றும் டெலிவரி ஆகிவிட்டது, நீ பொய் சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறாய், இது 420. மொத்தம் 18,447 ரூபாயும் நோட்டீஸ் செலவு 7,500 ரூபாயும் 15 நாளில் கட்டு. இல்லாவிட்டால் கிரிமினல் புகார், கல்லூரி நிர்வாகத்துக்கும் தகவல்.

அவன் வீட்டில் சொல்லவில்லை. ஃப்ரெண்ட்ஸிடம் கடன் வாங்கிக் கட்டிவிடலாம் என்ற முடிவிலேயே இருந்தான். கட்டாதே என்று நிறுத்தியதுதான் நான் செய்த ஒரே உருப்படியான வேலை. மற்றதெல்லாம் எங்கள் ஊரில் ப்ராக்டிஸ் பண்ணும் ஒரு வக்கீல் அக்கா சொல்லித் தந்தது. அன்று கற்றதை இங்கே எழுதி வைக்கிறேன். ஹாஸ்டலில் இருக்கிற யாருக்கும் இது நடக்கலாம்.

முதலில், நோட்டீஸ் நிஜமா என்று பார்க்க வேண்டும். வக்கீல் நோட்டீஸ் மாதிரியே அடித்து அனுப்பிப் பணம் பறிக்கிற கும்பல் நிறைய. பணம் கட்ட லிங்க்கோ க்யூ.ஆர். கோடோ அதிலேயே இருந்தால் தொடவே தொடாதீங்க. வக்கீலின் பெயர், பார் கவுன்சில் பதிவு எண், ஆபீஸ் முகவரி இருக்கிறதா என்று பாருங்க. அந்தக் காகிதத்தில் உள்ள நம்பருக்கே போன் போட்டு ‘நீங்க நிஜமான வக்கீலா’ன்னு கேட்பதில் அர்த்தமில்லை, வேறு வழியில் விசாரிக்கணும். மோசடி என்று தெரிந்தால் 1930-க்கு அடிக்கலாம். எங்களுக்கு வந்தது நிஜம்தான். அக்கா ஒரே போனில் கண்டுபிடித்துவிட்டார்.

நிஜம் என்றாலும் அது கோர்ட் உத்தரவு இல்லை. ஒரு கட்சிக்காரர் தன் வக்கீல் மூலம் எழுதிய கடிதம், அவ்வளவுதான். அந்த 15 நாளும் சட்டம் விதித்த கெடு இல்லை. செக் பவுன்ஸ் நோட்டீஸில்தான் சட்டப்படி 15 நாள் கணக்கு உண்டு. இங்கே அவர்களாகப் போட்டுக்கொண்டது. அதற்காகச் சும்மா இருந்துவிடக் கூடாது. நாளைக்குக் கேஸ் என்று வந்தால் ‘நோட்டீஸுக்கு வாயே திறக்கலையே’ என்ற கேள்வி நமக்கு எதிராகப் போகும்.

இன்னொன்றை அக்கா சிரித்துக்கொண்டே காட்டினார். நோட்டீஸ் முழுக்க ‘இந்திய தண்டனைச் சட்டம் 420’ என்றே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. மோசடிக்கு அதில் 318-ஆம் பிரிவு. அதற்குப் பிறகு நடந்ததாகச் சொல்லும் குற்றத்துக்குப் பழைய நம்பர் போட்டிருந்தால், பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி அனுப்பும் டெம்ப்ளேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை வைத்து ஜெயித்துவிட முடியாது. ஆனால் படிக்கும்போது கை நடுங்குவது குறையும். (‘318’னு சொன்னா நம்ம ஊரில் யாருக்குப் பயம் வரும்? அதனாலதான் 420-ஐ விட மனசு வரலை போல.)

அதற்கப்புறம்தான் முக்கியமான இடம் வந்தது. மூன்று ஆர்டரையும் மூன்று தனித்தனிக் காகிதத்தில் எழுதச் சொன்னார் அக்கா. எப்போது ஆர்டர் போட்டாய், ‘டெலிவர்ட்’ என்று எந்த நேரம் காட்டியது, எப்போது கம்ப்ளெயின்ட், எப்போது ரீஃபண்ட், அதற்குப் பிறகு என்ன. முதல் இரண்டையும் கடகடவென்று எழுதினான். மல்டிமீட்டரில் பேனா நின்றது.

அது வந்துவிட்டிருந்தது. மார்ச் 3-ஆம் தேதி ரீஃபண்ட். 12-ஆம் தேதி ரூம்மேட் கேட்டில் பார்சலை வாங்கி வந்து கட்டில் மேல் போட்டிருக்கிறான். பணமும் வந்தாச்சு, பொருளும் வந்தாச்சு. 649 ரூபாய்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான். அதை வைத்துத்தான் லேப் எல்லாம் முடித்தான்.

‘இதையும் வரலைன்னே சொல்லிடலாமாக்கா? மூணும் ஒரே மாதிரி இருக்கும்ல?’ என்றான். அந்தக் கேள்வியை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் இடத்தில் இருந்தால் எனக்கும் அதுதான் தோன்றியிருக்கும். அக்கா சொன்னது: அந்த மூன்றாவதற்கு ரூம்மேட் பார்சலை வாங்கும் போட்டோ அவர்களிடம் இருந்தால், நீ சொல்லும் ஒரு பொய் மற்ற இரண்டு உண்மையையும் சேர்த்துச் சாகடிக்கும். தவறுதலாகக் கைக்கு வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 72-ஆம் பிரிவு சொல்கிறது. தெரிந்தே வைத்துக்கொண்டால் நியாய சன்ஹிதாவின் 314, அதாவது நேர்மையில்லாமல் பிறர் சொத்தைக் கையாடுவது, அதற்குள் இழுக்கப் பார்ப்பார்கள். ஆகவே அந்த 649-ஐ ஒப்புக்கொள், கொடு. மற்ற இரண்டை மறு.

ஒப்புக்கொண்டால் மோசடியையே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா? இங்கேதான் மோசடி என்ற குற்றத்தின் இலக்கணம் உதவுகிறது. ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் 2000-இல் சொல்லியிருக்கிறது. பின்னால் வாக்குத் தவறினான் என்பதை மட்டும் வைத்து முன்பே ஏமாற்ற நினைத்தான் என்று முடிவு கட்ட முடியாது. மார்ச் 3 அன்று அவன் ‘வரவில்லை’ என்று சொன்னது அன்றைக்கு உண்மை. பொருள் வந்தது ஒன்பது நாள் கழித்து. அதனால் தேதிகளை மறைக்காமல் வரிசையாகச் சொல்வதுதான் அவனுக்குப் பாதுகாப்பு.

இனி மற்ற இரண்டு. ‘வரவில்லை’ என்பதை எப்படி நிரூபிப்பது? நடக்காத ஒன்றுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாதே. நல்லவேளையாக அந்தச் சுமை முதலில் நம் தலையில் இல்லை. ஒரு விஷயம் நடந்தது என்று சொல்லி உரிமை கேட்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 104-ஆம் பிரிவு. ஒருவருக்கு மட்டும் தனியாகத் தெரிந்த விஷயமென்றால் நிரூபிக்கும் சுமை அவர் மேல், இது 109. டெலிவரி ஆளின் போன் அந்த நேரம் எங்கே இருந்தது, ஓ.டி.பி. எந்த நம்பருக்குப் போனது, எந்த நிமிஷம் உள்ளிடப்பட்டது, யார் கையெழுத்து என்பதெல்லாம் அவர்கள் சர்வரில் இருக்கிறது. நம்மிடம் இல்லை.

‘டெலிவர்ட்’ என்பது ஒரு டேட்டாபேஸில் ஒரு ஃபீல்டு மாறியது என்பதற்குச் சாட்சி. நம் கையில் பார்சல் விழுந்ததற்கு இல்லை. எங்கள் ஹாஸ்டலில் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். டெலிவரி அண்ணனை உள்ளே விட மாட்டார்கள். போன் போடுவார், நாம் கிளாஸில் சைலன்ட்டில் வைத்திருப்போம். அவருக்கு இன்னும் பத்து இடம் போக வேண்டும். வாட்ச்மேன் ரூம் திண்ணையில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு ஒரே மூச்சில் ஸ்கேன் பண்ணிவிட்டுப் போவார். அப்புறம் எடுப்பவர் எடுப்பதுதான்.

நம்மிடம் என்ன இருந்தது என்று தேடினோம். கேட் சி.சி.டி.வி. பிரயோஜனமில்லை, பழைய பதிவு மேல் புதியது எழுதிக்கொண்டே போகும், ஆறு மாதம் எங்கே நிற்கும். பார்சல் வராத அன்றே வார்டனிடம் எழுதிக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். வாட்ச்மேன் தாத்தாவின் பார்சல் நோட்டு கிடைத்தது. இரண்டு தேதியிலும் அவன் ரூம் நம்பர் இல்லை. டேப்லெட் விஷயத்தில் அதைவிட நல்லது ஒன்று அகப்பட்டது. பிப்ரவரி 18, காலை 11.40-க்கு ‘பெற்றவர்: அவரே’ என்று ட்ராக்கிங்கில் இருந்தது. அந்த நேரம் அவன் பிசிக்ஸ் லேபில். அப்சர்வேஷன் நோட்டில் அந்தத் தேதியோடு மேடம் கையெழுத்து இருக்கிறது. அப்சர்வேஷன் நோட்டைத் தூக்கிப் போடாததற்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டோம்.

அக்கவுன்டை ஏற்கெனவே முடக்கிவிட்டிருந்தார்கள், சாட் ஹிஸ்டரி போச்சு. ஆனால் மெயில்கள் இருந்தன. இங்கே நம் படிப்பு கொஞ்சம் உதவும். மெயிலை ஃபார்வர்டு பண்ணாமல், ஹெடரோடு ஒரிஜினலாக டவுன்லோட் பண்ணுங்க. மின்னணு ஆவணத்தை கோர்ட்டில் காட்ட சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அந்தப் படிவத்தில் ஃபைலின் ஹாஷ் மதிப்பையே எழுதச் சொல்கிறார்கள், எஸ்.எச்.ஏ-256 என்று ஒரு கட்டம்கூட இருக்கிறது. கிரிப்டோகிராஃபி பேப்பரில் அஞ்சு மார்க்குக்குப் படிப்பது இங்கே வந்து நிற்கும் என்று யார் கண்டது. அன்றைக்கே ஹாஷ் எடுத்து எழுதி வைத்தோம்.

அவர்கள் தரப்பில் ஒரு நல்ல வாதம் இருந்ததையும் சொல்லணும். சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 39-ஆம் பிரிவு: விற்பவர் பொருளைச் சுமந்து செல்பவரிடம் ஒப்படைத்தாலே முதல் பார்வைக்கு வாங்குபவரிடம் கொடுத்த மாதிரி. கூரியரிடம் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது என்று நோட்டீஸில் ஒரு வரி. ஆனால் ‘முதல் பார்வைக்கு’ என்பதுதான் அதில் முக்கியம். கூரியரைத் தேர்ந்தெடுத்தது அவர்கள், டெலிவரி கட்டணம் வாங்கியது அவர்கள், உங்கள் முகவரியில் ஒப்படைக்கிறோம் என்று ஒத்துக்கொண்டதும் அவர்கள். ஒப்பந்தமே அப்படி இருக்கும்போது இடையில் கூரியரிடம் கொடுத்ததைக் காட்டித் தப்பிக்க முடியாது என்பது எங்கள் பதில்.

பதில் கடிதம் ஒன்றரைப் பக்கம்தான். அதன் நடுப்பகுதி, தமிழில், ஏறக்குறைய இப்படி:

‘இயர்போன், டேப்லெட் ஆகிய இரு பொருள்களும் எனக்கோ, என் சார்பில் வேறு யாருக்கோ வந்து சேரவில்லை. பிப்ரவரி 18 காலை 11.40 மணிக்கு நானே பெற்றதாகச் சொல்வது தவறு, அந்நேரம் நான் கல்லூரி ஆய்வகத்தில் இருந்தேன். டெலிவரி நடந்ததாகக் கூறும் தாங்கள், அதற்குரிய இடப் பதிவு, ஓ.டி.பி. பதிவு, படம், கையொப்பம் ஆகியவற்றின் நகல்களை அனுப்பவும், அழிக்காமல் பாதுகாக்கவும் கோருகிறேன். மல்டிமீட்டர் குறித்து: நான் புகார் செய்தபோதும் மார்ச் 3 அன்று பணம் திரும்பி வந்தபோதும் பொருள் வந்திருக்கவில்லை. அது மார்ச் 12 அன்று வந்தது. அப்போதே தெரிவித்திருக்க வேண்டும், தெரிவிக்கவில்லை. அதற்குரிய ரூ. 649-க்கு டி.டி. இணைத்துள்ளேன். இது அந்த ஓர் ஆர்டருக்கு மட்டுமே. மற்ற கோரிக்கைகள் அனைத்தையும் மறுக்கிறேன்.’

முதல் வரைவில் நான் இன்னும் ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன். கல்லூரிக்குச் சொல்லுவோம் என்று மிரட்டியதற்கு நாமும் கேஸ் போடுவோம் என்று ஒரு வீர வசனம், டெலிவரி ஆள்தான் திருடியிருப்பார் என்று ஒரு பாரா. அக்கா இரண்டையும் அடித்தார். முதலாவதற்குப் பதிலாக, நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டை மூன்றாம் நபருக்குத் தெரிவித்தால் அவதூறுக்கான என் உரிமைகளைக் கைவிடவில்லை என்று ஒரே வாக்கியம். இரண்டாவதற்கு ஒன்றுமே இல்லை. பார்சல் வரலை என்பது நமக்குத் தெரியும். யார் எடுத்தார் என்பது தெரியாது. ஆதாரம் இல்லாமல் நம் மேல் பழி போடுகிறார்கள் என்று புலம்பிக்கொண்டே, மாதச் சம்பளம் எவ்வளவென்று தெரியாத ஒருவர் மேல் அதையே நான் போட்டிருக்கிறேன்.

கடிதத்தை வக்கீல் முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பினோம், நகல் கடையின் குறைதீர் அதிகாரிக்கு. 2020 மின்வணிக விதிகளின்படி அந்த அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பார்சலும் வராமல் ரீஃபண்டும் வராமல் இருப்பவர்கள் 1915-க்கு அடிங்க. அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. நடந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போடணும். தெரிந்த வக்கீல் யாருமே இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள், வருமான வரம்புக்குள் வருபவர்கள் எல்லோருக்கும் அங்கே இலவச உதவி உண்டு.

அவன் அப்பாவிடம் சொன்னது கடிதம் போன பிறகுதான். அவர் திட்டியது நோட்டீஸுக்காக இல்லை, மல்டிமீட்டருக்காக.

ஐந்து வாரம் கழித்து டி.டி. பணமானது தெரிந்தது. கேட்ட பதிவுகள் எதுவும் வரவில்லை, இரண்டாவது நோட்டீஸும் வரவில்லை. அக்கவுன்ட் இன்னும் முடங்கியேதான் இருக்கிறது. பணம் கேட்டு சிவில் கேஸ் போட 1963 காலவரையறைச் சட்டம் 3 வருஷம் தருகிறது. அதுவரை அந்த ஃபைல், அப்சர்வேஷன் நோட்டோடு, அவன் டிரங்குப் பெட்டியில் இருக்கும். வாட்ச்மேன் தாத்தாவின் நோட்டில் இப்போது நேரத்துக்கு என்று ஒரு புதுக் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறான்.