பூட்டு திறந்த கதை



முகவரியில் ‘எச்டிடிபிஎஸ்’ இருந்தால் நாம் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்று படித்திருக்கிறோம். நிஜம்தானா? சாரிடம் அனுமதி வாங்கி லேபில் சோதித்துப் பார்த்தேன்.

விடுதிக்கு வரும் தபாலை வாட்ச்மேன் வாங்கி உள்ளே கொடுப்பார் இல்லையா? அதுபோல சர்வருக்கு முன்னால் நிற்பதுதான் ரிவர்ஸ் ப்ராக்ஸி. ‘எம்ஐடிஎம் ப்ராக்ஸி’ என்ற இலவச மென்பொருள் 2010 முதல் இருக்கிறது. அது தபாலைப் பிரித்துப் படித்து, திரும்ப ஒட்டியும் அனுப்பும்!

ஒரு கம்ப்யூட்டரில் நானே செய்த பயிற்சித் தளம், நடுவில் ஒன்றில் ப்ராக்ஸி, மூன்றாவதில் பிரவுசர். ஆனால் ஒண்ணுமே வரலை!

1. ‘பாதுகாப்பில்லை’ என்று எச்சரிக்கை வந்தது. ப்ராக்ஸி தானே தயாரித்த சான்றிதழைக் காட்டியது. பிரவுசருக்கு அதை யாரென்றே தெரியாது. ப்ராக்ஸியின் மூலச் சான்றிதழை பிரவுசரின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்தேன்.

2. மறுபடியும் எச்சரிக்கை. பார்த்தால் பேட்டரி தீர்ந்துபோய் தேதி 2009-இல் நிற்கிறது! சான்றிதழ் ‘இன்னும் பிறக்கவே இல்லை’. தேதியைத் திருத்தினேன்.

3. அப்பவும் சரியாகலை. முகவரியில் நான் ஐ.பி. எண்ணை அடித்திருந்தேன், சான்றிதழில் இருந்ததோ தளத்தின் பெயர். பிரவுசர் கம்ப்யூட்டரின் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் அந்தப் பெயருக்கு நேராக ப்ராக்ஸியின் எண்ணை எழுதினேன்.

4. அடுத்து ‘502’ பிழை. இந்த முறை தகராறு பின்பக்கம். என் தளத்தின் சான்றிதழ் நானே செய்தது. ப்ராக்ஸி அதை நம்பவில்லை. அதையும் நம்பச் சொன்னேன்.

தளம் திறந்தது! உற்சாகத்தில் பெயரும் கடவுச்சொல்லும் அடித்தேன். ப்ராக்ஸி திரையில் கடவுச்சொல் எழுத்து எழுத்தாக வந்து நின்றது. பக்கத்தில் இருந்த நண்பன் சத்தமாகவே படித்துவிட்டான். அது என் மின்னஞ்சலின் கடவுச்சொல்லும்கூட! அன்று மாலையே மாற்றினேன். சேர்த்த சான்றிதழையும் நீக்கினேன்.

யோசித்துப் பார்த்தால், முதல் மூன்று முறையும் பிரவுசர் தடுத்தது என்னைக் காப்பாற்றத்தான். நானாகச் சான்றிதழைச் சேர்த்ததால்தான் பூட்டு திறந்தது. அதனால் பிரவுசிங் சென்டரில் எச்சரிக்கை வந்தால் ‘பரவாயில்லை, தொடர்க’ என்று அழுத்தாதீர்கள். யாரோ சொன்னார்கள் என்று எந்தச் சான்றிதழையும் ஏற்றாதீர்கள். இந்தச் சோதனையை நம்முடைய தளத்தில், அனுமதியோடு மட்டுமே செய்யுங்கள்!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு